பழவேற்காடு மீனவக் குப்பங்களில் வீட்டு மதிப்பீடு

சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஏரி ஆகும். தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களிலும் பரந்துள்ள இதன் தென்கரையில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் பல மீனவக் குப்பங்கள் உள்ளன. டச்சுக்காரர் 1613இல் இங்கு கெல்டிரியா கோட்டையைக் கட்டினர்.

இக்குப்பங்களில் வீட்டை விடவும் பெரிய சொத்து ‘பாடு’. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் ஏரியின் மீன்பிடி இடங்கள் தலைக்கட்டுகளுக்குச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிரப்படுகின்றன. ஊரில் தலைக்கட்டாக இருப்பவருக்கே பாட்டில் பங்கு. ஆகவே குப்பத்து வீடு என்பது கூரையும் சுவரும் மட்டுமன்று. தண்ணீரில் இறங்கும் உரிமையோடு பிணைந்த இடம் அது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் இதற்கென்று ஒரு பத்தியும் கிடையாது.

மதிப்பீட்டாளர் செய்யும் கணக்கு வேறு. கட்டடத்தின் தரைப்பரப்பை அளந்து, அன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கி, வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார். மனைக்கு அக்கம்பக்கத்து விற்பனைப் பத்திரங்களைப் பார்ப்பார். நகரத்து மாடி வீட்டுக்கு இது பொருந்தும். பனையோலைக் குடிசைக்குத் தேய்மானம் கழித்தால் மிஞ்சுவது சொற்பமே. தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் மனைகளுக்கு ஒப்பிடப் பத்திரம் எங்கே கிடைக்கும்?

ஏரியின் கிழக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டா தீவு 1969இல் ஏவுதளத்துக்குத் தேர்வானபோது அங்கு வாழ்ந்த பலர் வேறிடம் செல்ல நேர்ந்தது. அன்று நடப்பிலிருந்த 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், அறிவிக்கை வெளியான நாளின் சந்தை மதிப்பையும், அதன்மேல் 15 விழுக்காடு ஆறுதல் தொகையையும் தரச் சொன்னது. இவ்விழுக்காடு 1984இல்தான் 30 ஆனது.

1991ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை இன்னொரு முடிச்சைப் போட்டது. ஊரகக் கடற்கரைகளில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் தடுக்கப்பட்டது. இருந்த வீட்டைப் பழுது பார்க்க அனுமதி இருந்தது. பெருக்கிக் கட்ட அந்த அறிவிக்கை இடம் தரவில்லை. கட்டமுடியாத மனைக்கு வாங்குவோர் விலை குறைவாகவே இருக்கும். ஆனால் வலையையும் படகையும் கண்பார்வையில் வைத்துக்கொள்ள வேண்டிய மீனவருக்கு அந்த 200 மீட்டர்தான் உயர்ந்த இடம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இந்த முரண் வெளிப்படையானது. 2005 மார்ச்சில் வெளியான தமிழக அரசின் 172ஆம் எண் அரசாணை, 200 மீட்டருக்குள் வீடு சேதமடைந்தவர்களுக்கு இரண்டு வழிகளைக் காட்டியது. அப்பால் போனால் 1.50 லட்சம் ரூபாய் மதிப்புள்ள புதிய வீடு இலவசம். பழைய வீட்டையும் மனையையும் அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அங்கேயே இருப்பதானால் தம் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம். அரசு உதவி கிடையாது. தமிழகக் கடற்கரை முழுவதற்கும் பொதுவான ஆணை இது. ஒரு குப்பத்தின் கரைக்கும் இன்னொன்றின் கரைக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரே தொகை அறியாது.

2013இல் இயற்றப்பட்டு 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நில எடுப்புச் சட்டம் சிலவற்றைச் சீர்செய்தது. ஆறுதல் தொகை 100 விழுக்காடு ஆனது. கட்டடங்களை மதிப்பிட ஆட்சியர் தகுதியுள்ள பொறியாளரையோ வல்லுநரையோ அமர்த்தலாம். நீர்நிலையை நம்பி மூன்றாண்டுகளாகப் பிழைத்த மீனவர், படகோட்டிக் குடும்பங்களும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாக ஏற்கப்பட்டன. அவர்களுக்கு மறுவாழ்வு உதவி உண்டு. பாட்டின் பங்கு மட்டும் மதிப்பீட்டுப் படிவத்துக்குள் இன்னும் வரவில்லை.