யாழும் தப்பும்

எங்கள் வட்டவளைக்கு அடுத்த புகையிரத நிலையம் ரொசல்லை. விபுலாநந்த அடிகள் அங்கே தங்கியிருந்துதான் யாழைத் தேடினார் என்று தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். தேயிலை மலையில் யாழை யார் தொலைத்தார்கள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

நேயர்களே, பின்னாளில் சென்னை சென்றபோது உயர் நீதிமன்றத்துக்கு அருகிலுள்ள ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போனேன். 1943இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கத்தின் இல்லம் அது. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டு கடைசித் துக்கடாவாக ஒதுங்கி நின்ற காலத்தில் எழுந்த இயக்கம். அதை முன்னின்று நடத்திய அண்ணாமலைச் செட்டியார் 1948இல் மறைந்தார். 1952இல் எழுந்த மன்றத்தை அவர் காணவில்லை.

பாடும் மேடையும் பழைய இசைக்கருவிகளின் காட்சிக்கூடமும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. யாழ் மாதிரியின் முன்னே நெடுநேரம் நின்றேன். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வீணையிலோ மெட்டுக்களில் விரலை நகர்த்தினால் ஒரே தந்தியில் பல சுரங்கள் பிறக்கும். வீணை பெருகப் பெருக யாழ் வழக்கொழிந்தது. ஆனால் அதைப் பற்றிய பாட்டு ஏட்டில் நின்றது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைத் துருவி, விஞ்ஞானம் பயின்ற அடிகள் கணக்கிட்டு எழுதியதே யாழ் நூல். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அது அரங்கேறியது. ஜூலை 19இல் அடிகள் மறைந்தார்.

அங்கே நின்றபோது என் பாட்டனாரின் தப்பு நினைவுக்கு வந்தது. விடியலில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும், மாசியில் காமன் கூத்துக்கு இரவெல்லாம் முழங்கியதும் அந்தத் தப்புத்தான். அவர் போன பிறகு அதை லயத்துப் பின்புறத்தில் வீசியவர்கள் நாங்களே. படித்த பிள்ளைகளுக்கு அது சாதியைக் காட்டிக் கொடுக்கும் வெட்கமாகப் பட்டது. மழையில் தோல் ஊறிக் கிழிந்ததை நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடி எழுதி வைத்தார். கம்பளைப் பக்கத்தில் பழைய லயம் ஒன்றில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007இல் திறக்கப்பட்டது. தப்பை அங்கே கொடுக்கலாம். பாட்டனாரின் அடியை எங்கே கொடுப்பது? யாழைத் தேடிய அடிகளுக்கு இளங்கோ இருந்தார். எங்கள் தப்புக்கு ஏடு இல்லை. அடிக்கத் தெரிந்த கிழவர்கள் இன்னும் சில தோட்டங்களில் இருக்கிறார்கள். அடுத்த மாசிக்குள் அவர்களிடம் போய் உட்காருங்கள், நானும் போகிறேன்.