பைக்காரா நீர்மின் திட்டம்

நீலகிரியின் மேற்கு விளிம்பில் முக்குருத்திப் பகுதியில் தோன்றி வடக்கே ஓடும் பைக்காரா ஆற்றின் நீரை, 3,000 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து இரும்புக் குழாய்களில் இறக்கி, அடிவாரத்துச் சிங்காராவில் மின்சாரம் எடுக்கும் திட்டம். சென்னை மாகாண அரசு தன் பணத்தில் மேற்கொண்ட முதல் பெரிய நீர்மின் திட்டம் இதுவே. மின்நிலையம் நீலகிரி மாவட்டத்தில் இருந்தாலும் அதன் பயனில் பெரும்பங்கு கோயம்புத்தூர்ச் சீமைக்கே போய்ச் சேர்ந்தது. கொங்கு நாட்டின் நூற்பாலைகள், வார்ப்படப் பட்டறைகள், பம்புசெட்டுத் தொழில், தோட்டக் கிணற்றுப் பாசனம் ஆகியவற்றின் இன்றைய வடிவத்துக்கு இத்திட்டமே முதன்மைக் காரணம் என்று பலர் எழுதியுள்ளனர். துணைக் காரணங்களுள் ஒன்று என்று கொள்வாரும் உண்டு.

ஆறு

மலைமேல் அகன்று மெதுவாக ஓடும் பைக்காரா, பீடபூமியின் விளிம்புக்கு வந்ததும் அருவிகளாக விழுந்து சீகூர்ப் பக்கத்துக் காட்டுக்குள் இறங்குகிறது. இறங்கியபின் அதன் பெயர் மோயாறு. முதுமலைக் காட்டை ஒட்டிக் கிழக்கே ஓடி, பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. தோடர்கள் இவ்வாற்றைத் தெய்வமாகப் போற்றுபவர்கள். அதைக் கடப்பதற்கு அவர்களிடம் கட்டுப்பாடுகள் இருந்ததை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மானிடவியலாளர் ரிவர்ஸ் பதிவு செய்தார்.

முன்னோடிகள்

மலைநீரில் மின்சாரம் எடுப்பது நீலகிரிக்குப் புதிதன்று. அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காகக் காட்டேரி அருவியில் 1904ஐ ஒட்டி ஒரு சிறு நீர்மின் நிலையம் அமைந்தது. தென்னிந்தியாவின் முதல் நீர்மின் நிலையம் இதுவே என்று சில குறிப்புகள் கூறுகின்றன. கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பிய சிவசமுத்திரம் 1902லேயே இயங்கத் தொடங்கிவிட்டதால் இக்கூற்றை அப்படியே ஏற்பது கடினம். இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் என்று வரையறுத்துக்கொண்டால் காட்டேரிக்கு வலு கூடுகிறது.

சமவெளியில் அக்காலத்து மின்சாரம் அவரவர் சொந்த ஜெனரேட்டரைப் பொறுத்தது. கோவையில் 1914இல் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் தம் அச்சகத்தையும் மின்சாரத்தில் ஓட்டினார். ஆலைகளோ பெரும்பாலும் நீராவியில் ஓடின.

திட்டமும் கட்டுமானமும்

1923 முதல் 1928 வரை சென்னை மாகாண நிர்வாக சபையில் சட்ட உறுப்பினராக இருந்த சி. பி. ராமசாமி ஐயரின் காலத்தில்தான் மேட்டூர் அணையும் பைக்காராவும் காகிதத்திலிருந்து தரைக்கு வந்தன. மேட்டூர்ப் பணி 1925இல் தொடங்கியது. 1927இல் மாகாண அரசு மின்சாரத்துக்கெனத் தனித் துறை அமைத்தது. அதன் தலைமைப் பொறியாளர் மேஜர் எச். ஜி. ஹோவர்டு. பைக்காராவின் பொறியியல் வடிவத்தில் அவர் பெயரே முன்நிற்கிறது.

கட்டுமானம் 1929இல் தொடங்கியது. நிறைவாண்டைச் சில நூல்கள் 1932 என்றும் சில 1933 என்றும் குறிக்கின்றன. சிங்காராவில் இயந்திரம் சுழலத் தொடங்கியதைக் கணக்கில் கொள்வதா, கோவை ஆலைகளுக்கு மின்சாரம் பரவலாகக் கிடைத்ததைக் கொள்வதா என்பதைப் பொறுத்து இந்த வேறுபாடு எழுகிறது. உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவில் அரசுச் செலவுகள் எங்கும் வெட்டப்பட்ட காலத்தில் வேலை நிற்காமல் நடந்து முடிந்தது குறிப்பிடத்தக்கது.

பைக்காராவின் சிறப்பு உயரத்தில் இருக்கிறது. மேட்டூர் அணை 214 அடி உயரம். அங்கே அகன்ற ஆற்றின் பெருநீர் குறைந்த உயரத்திலிருந்து இறங்கி இயந்திரத்தைச் சுழற்றுகிறது. பைக்காராவில் கதை தலைகீழ்: நீர் கொஞ்சம், இறக்கம் ஏராளம். ஆற்றிலிருந்து பிரித்த நீர் மலைவிளிம்பில் உள்ள கிளன்மார்கன் தேக்கத்துக்கு வந்து, அங்கிருந்து குழாய்களில் ஏறத்தாழ 3,080 அடி கீழே சிங்காராவுக்கு விழுகிறது. அந்நாளில் ஆசியாவிலேயே இதுதான் மிக உயர்ந்த நீர் இறக்கம் என்று எழுதப்பட்டது. பிரிட்டிஷ் பேரரசிலேயே என்றும் சிலர் குறித்தனர். நொடிக்கு ஒரு கன மீட்டர் நீர், அதாவது ஒரு பெரிய வயல்வாய்க்காலில் ஓடும் அளவு, இந்த உயரத்திலிருந்து இறங்கினால் சுமார் 8 மெகாவாட் மின்சாரம் தரும்.

அத்தனை உயரம் பெரும் சிக்கல்களையும் கூடவே கொண்டுவந்தது. பத்து மீட்டர் இறங்குவதற்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்ற வீதத்தில் நீரழுத்தம் ஏறும். மலையடியில் அது 90 கிலோவைத் தாண்டுகிறது. எனவே குழாயின் சுவர் மேலே மெல்லியதாகவும் கீழே வரவரத் தடித்தும் இருக்க வேண்டும். குழாய் மலைச்சரிவில் வழுக்காமலிருக்க, வளைவுதோறும் பாறையில் காங்கிரீட் நங்கூரம் போட்டுப் பிடித்துக் கட்ட வேண்டும். கீழே நீர் ஒரு சிறு முனை வழியே மணிக்கு 400 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பீறிட்டு, பெல்டன் சக்கரத்தின் விளிம்பில் உள்ள இரட்டைக் கிண்ணங்களில் மோதுகிறது. கிண்ணத்தின் நடுவில் கத்தி முனை போன்ற வரப்பு ஒன்று உண்டு. நீர்த்தாரை அதில் பட்டு இரண்டாகப் பிளந்து, இருபுறமும் வழித்துக்கொண்டு திரும்பி, தன் வேகத்தில் பெரும்பகுதியைச் சக்கரத்திடம் விட்டுவிட்டுச் சோர்ந்து கீழே விழுகிறது. ஊரில் திடீரென மின்தேவை குறைந்தால் தண்ணீரைச் சட்டென்று அடைக்க முடியாது. அடைத்தால் மேலிருந்து வந்துகொண்டிருக்கும் நீர்த்தூண் முட்டிக் குழாயையே பிளந்துவிடும். ஆகவே முதலில் ஒரு தகடு குறுக்கே வந்து தாரையைச் சக்கரத்திலிருந்து ஒதுக்கிவிடும். பிறகுதான் முனை மெல்ல மூடும். கொங்குச் சீமையில் ஓர் ஆலை இடைவேளைக்கு நிற்கும்போதெல்லாம் மலையடியில் இந்தச் சிறு விலகல் நிகழ்ந்தாக வேண்டும்.

கிளன்மார்கனுக்கும் சிங்காராவுக்கும் இடையே ஆட்களும் தளவாடமும் போய்வர, கம்பிவடத்தில் இழுக்கும் தொட்டிவண்டிப் பாதை ஒன்று சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்டது. மின்வாரிய ஊழியர்கள் இதை ‘விஞ்ச்’ என்றே அழைப்பார்கள். மேலே புல்வெளியும் தேயிலையும் பனியும், கீழே மூங்கிலும் முட்புதரும் வெயிலும். சீகூர்க் காடு அந்நாளில் மலேரியாவுக்குப் பெயர்போனது. பகலெல்லாம் அங்கே வேலை செய்தவர்கள் அதைத் தாங்கித்தான் குழாய்களைப் பதித்தார்கள்.

முதலில் நிறுவப்பட்டவை மூன்று இயந்திரங்கள். ஒவ்வொன்றும் 7 மெகாவாட்டுக்குச் சற்றே குறைந்த திறன் கொண்டது. கோடையிலும் நீர் கிடைக்க முக்குருத்தி அணை 1938இல் கட்டப்பட்டது.

கோயம்புத்தூரில் ஏற்பட்ட மாற்றம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் கோவைப் பகுதியில் நிலக்கரி கிடையாது. பெரிய ஆறும் நகரை ஒட்டி ஓடவில்லை. நல்ல கரிசலும், 1900களின் தொடக்கத்தில் பரவிய கம்போடியாப் பருத்தியும் இருந்தன. ராபர்ட் ஸ்டேன்ஸ் முன்னின்று 1888இல் தொடங்கிய ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில்லும், பின்னர் வந்த காளீஸ்வரா, லட்சுமி, ரங்கவிலாஸ் ஆகிய ஆலைகளும் பைக்காராவுக்கு முந்தியவை. அவற்றுள் நீராவியில் ஓடியவற்றுக்கு நிலக்கரி வெளியூர்களிலிருந்து ரயிலில் வர வேண்டியிருந்தது. ஆகவே ஆலை ரயில் பாதையைத் தேடிப் போயிற்று. ஒரே பெரிய எஞ்சின், அதிலிருந்து கட்டடம் முழுக்க ஓடும் லைன் ஷாஃப்ட், அதிலிருந்து இறங்கும் தோல் பெல்ட்டுகள் என்ற அமைப்பில் ஆலை கட்டப் பெரும் முதல் வேண்டும்.

மின்சாரம் வந்ததும் இந்தக் கணக்கு மாறியது. மோட்டாரைத் தேவையான இடத்தில் தேவையான அளவில் வைக்கலாம். சிறிதாகத் தொடங்கி, பணம் சேரச் சேர நூற்புக் கதிர்களைக் கூட்டலாம். பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் என்று பருத்திக் காட்டுக்கு நடுவிலேயே ஆலைகள் எழுந்தன. சில ஆண்டுகளுக்குள் அவற்றின் எண்ணிக்கை பன்மடங்காயிற்று. தென்னிந்திய ஆலை அதிபர்கள் சங்கம் கோவையில் 1933இல் அமைந்ததும் இக்காலத்தின் அடையாளம்.

இவ்வளர்ச்சிக்கு மின்சாரம் மட்டுமே காரணமா என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. மந்தக் காலத்தில் விளைபொருள் விலை சரிந்ததால், நிலத்திலும் வட்டிக்கடனிலும் முடங்கியிருந்த ஊர்ப்பணம் ஆலைப் பங்குகளுக்கு நகர்ந்தது என்பது பொருளியல் வரலாற்றாளர் சிலரின் வாதம். சுதேசி இயக்கமும் உள்நாட்டு நூலுக்குச் சந்தை தந்தது. இவை ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றவில்லை. பணமும் பருத்தியும் இருந்த இடத்துக்கு உரிய நேரத்தில் மின்கம்பி வந்து சேர்ந்தது என்று கொள்வதே பொருந்தும்.

பட்டறைகளின் வரலாறு இதோடு பின்னியது. பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் 1926லேயே பீளமேட்டில் இருந்தது. மின்சாரம் வந்தபின் மோட்டார் பழுது பார்த்தவர்கள் மோட்டாரையே செய்யத் துணிந்தார்கள். இந்தியாவின் முதல் உள்நாட்டு மோட்டார் 1937இல் கோவையில் உருவானது என்றும், அதைச் செய்தவர் டி. பாலசுந்தரம் என்றும், ஜி. டி. நாயுடு துணை நின்றார் என்றும் பொதுவாகக் கூறப்படுகிறது. முதன்மைப் பங்கு யாருடையது என்பதில் நூலுக்கு நூல் அழுத்தம் மாறுகிறது.

தோட்டத்துக் கிணறு

கொங்கு வழக்கில் கிணற்றுப் பாசனமுள்ள நிலமே ‘தோட்டம்’. மழையை நம்பியது ‘காடு’. தோட்டக் கிணறுகள் பாறையைக் குடைந்து ஆழமாக வெட்டப்பட்டவை. நீர் இறைக்கக் கவலை பூட்டுவார்கள். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக இறங்கும் தடத்தில் இரண்டு எருதுகள் வடத்தை இழுத்து இறங்க, சால் நிரம்பி மேலே வரும். சாலின் அடியில் தைத்த தோல் வாலை இன்னொரு கயிறு மடித்துப் பிடித்திருக்கும். சால் மேலே வந்ததும் அது தளர, தண்ணீர் தொட்டியில் கொட்டும். பின் எருதுகளைப் பின்னோக்கி நடத்தி மேட்டுக்கு ஏற்ற வேண்டும். விடியலுக்கு முன் தொடங்கி உச்சிப்பொழுது வரை இது நடக்கும். ஓட்டுபவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தம் எடையையும் இழுவைக்குத் தருவார்.

இந்த வேலையை மோட்டார் பம்பு எடுத்துக்கொண்டது. பைக்காரா மின்கம்பி கிராமங்களுக்குள் நுழைந்தபின் கோவை மாவட்டம் மின்பம்பு பயன்பாட்டில் மாகாணத்தின் முன்வரிசைக்கு வந்தது. பம்புக்கு வேண்டிய வார்ப்படமும் மோட்டாரும் பக்கத்துப் பட்டறையிலேயே கிடைத்தன. நாட்டின் பம்பு உற்பத்தியில் பாதிக்கு நெருக்கமான பங்கு இன்றும் கோவையுடையது என்று தொழில்துறையினர் கூறுவர். மின்சாரத்தில் சுழலும் மாவாட்டும் கிரைண்டர் 1955இல் பி. சபாபதியால் கோவையில் உருவாக்கப்பட்டதையும் இந்த வரிசையில் சேர்க்கலாம்.

மின்சாரத்தை நம்பிய உழவு, மின்கட்டணத்தையும் அரசியலாக்கியது. பாசன மின்சாரம் யூனிட்டுக்கு 10 பைசா ஆக்கப்பட்டதை எதிர்த்து 1970இல் கோவை மாவட்ட உழவர்கள் திரண்டனர். அவ்வாண்டு ஜூன் 19இல் திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று உழவர்கள் இறந்தனர். 1972இல் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகள் கோவைச் சாலைகளை அடைத்து நின்றன. பாசனத்துக்கான மின்சாரம் 1990இல் உழவர் அனைவருக்கும் இலவசமாயிற்று. நிலத்தடி நீர்மட்டம் கீழிறங்கியதற்கு இலவச மின்சாரம் எவ்வளவு பொறுப்பு, ஆழ்துளைக் கிணறுகளும் பயிர்மாற்றமும் எவ்வளவு பொறுப்பு என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது.

பிந்தைய விரிவாக்கம்

1937இல் மேட்டூர் மின்நிலையமும் 1944இல் பாபநாசமும் இயங்கத் தொடங்கின. இவை பைக்காராவோடு இணைந்ததே இன்றைய தமிழ்நாட்டு மின்தொகுப்பின் தொடக்கம். சிங்காரா நிலையம் 1950களில் ஏறத்தாழ 59 மெகாவாட்டாக வளர்ந்தது.

சிங்காராவில் சக்கரத்தைச் சுழற்றி வெளிவரும் நீர் அங்கே வீணாவதில்லை. மசினகுடியை ஒட்டிய மரவகண்டித் தேக்கத்தில் தங்கி, கால்வாயில் ஓடி, 1950களின் தொடக்கத்தில் அமைந்த 36 மெகாவாட் மோயாறு மின்நிலையத்தில் மீண்டும் இறங்குகிறது. அதன்பின் மோயாற்றுப் பள்ளத்தாக்கு வழியே பவானிசாகர் சேர்கிறது. 1955இல் முடிந்த கீழ்பவானித் திட்டம் அந்நீரை 2 லட்சம் ஏக்கருக்கும் மேலான நிலத்துக்குப் பாய்ச்சுகிறது. கோவை ஆலைக்கு மின்சாரம் தந்த அதே தண்ணீர் கோபி, ஈரோட்டுப் பக்கத்து வயலில் ஏறுகிறது.

குந்தா மின்நிலையங்கள் கனடாவின் உதவியோடு 1960ஐ ஒட்டி வந்தபின் பைக்காராவின் தனிமுதன்மை குறைந்தது.

சிங்காராவில் நிலத்தடியில் அமைந்த 150 மெகாவாட் பைக்காரா இறுதிநிலைத் திட்டம் 2005இல் இயங்கத் தொடங்கியது. அதன் அருகே திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு, யானை வாழிடம் என்ற காரணத்தால், நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2009இல் இசைவு மறுத்தது. பழைய இறக்குகுழாய்களும் மோயாற்றுக் கால்வாயும் யானை வழித்தடங்களுக்கு இடையூறு என்று காட்டுயிர் ஆய்வாளர்கள் சுட்டுகின்றனர்.