கடைசி வீட்டுக்கு யார் போவார்?



அமெரிக்கத் தபால்துறையைத் தனியாரிடம் விட்டுவிடலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. அப்போதெல்லாம் எனக்கு 1913 நினைவுக்கு வரும்.

அதற்கு முன் அங்கே உள்நாட்டுத் தபாலில் 4 பவுண்டுக்கு மேல் பார்சல் அனுப்ப முடியாது. கனமான பொருள் என்றால் தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிதான். அதுவும் பெரும்பாலும் ரயில் நிலையத்தோடு சரி. பண்ணை வீட்டுக்காரர் வண்டி கட்டிப் போய் எடுத்துவர வேண்டும். 1913 ஜனவரி 1 முதல் 11 பவுண்டு வரை தபால்காரரே கொண்டுவந்து கொடுத்தார்.

2001 முதல் தபால்துறையின் விமானச் சரக்கை ஃபெடெக்ஸ் சுமந்தது. 2024-இல் அந்த வேலை யுபிஎஸ் கைக்கு மாறியது. அதே இரு நிறுவனங்களும் தங்கள் பார்சலை வீடு சேர்க்கத் தபால்காரரை நம்பியதும் உண்டு.

தனியார் கூட்டாளியாக இருக்கட்டும். முழுவதையும் கொடுத்துவிட்டால், லாபம் தராத கடைசி வீட்டுக்கு யார் போவார்? நீங்களே சொல்லுங்கள்.