ஏரோட்டியின் பெயரில் ஓர் அரச குலம்



இந்த நினைவுரைக்குப் போலந்தை ஏன் எடுத்துக்கொண்டோம் என்ற கேள்வி உங்களுக்கு எழலாம். சூரியனிடமிருந்தும் சந்திரனிடமிருந்தும் தாம் பிறந்ததாகக் கல்லிலும் செப்பேட்டிலும் வெட்டிவைத்த மன்னர்களைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். போலந்தின் முதல் அரச குலமோ தன் மூதாதை ஓர் ஏரோட்டி என்று சொல்லிக்கொண்டது. அந்தப் பெருமையை மறைக்கவில்லை, அரசவையிலேயே எழுதவைத்தது. அப்படிப்பட்ட நாட்டில் ஏரோட்டியின் நிலை என்னவாயிற்று? இந்த ஒரு கேள்வியோடுதான் அந்த வரலாற்றுக்குள் நுழைகிறோம்.

கதையை எழுதியவர் பெயர் தெரியாத ஒரு வெளிநாட்டுத் துறவி. 'கல்லுஸ்' என்று பின்னாளில் அவரை அழைத்தார்கள். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூன்றாம் பொலெஸ்வாவின் அவையில் இருந்துகொண்டு லத்தீனில் எழுதினார். அவர் சொல்லும் கதை இது. க்னியெஸ்னோ நகரில் போப்பியெல் என்ற தலைவன் தன் மக்களின் முடியிறக்கும் சடங்குக்கு விருந்து வைக்கிறான். வாசலில் வந்து நின்ற இரண்டு அந்நியர்களை அவன் ஆட்கள் விரட்டிவிடுகிறார்கள். அவர்கள் நகருக்கு வெளியே ஒரு குடிசைக்குப் போகிறார்கள். அது தலைவனின் நிலத்தை உழும் பியாஸ்ட் என்பவனின் வீடு. மனைவி பெயர் ஷெபிகா. அவர்கள் வீட்டிலும் அன்று மகனுக்கு முடியிறக்கு. இருந்த கொஞ்சம் பீரையும் ஒரு பன்றியையும் விருந்தாளிகளுக்கு வைக்கிறார்கள். வைக்க வைக்கக் குறையாமல் பெருகுகிறது. அந்த மகன் ஷெமோவித் பிறகு நாட்டை ஆளுகிறான். போப்பியெல் துரத்தப்பட்டு, ஒரு கோபுரத்தில் எலிகளால் தின்னப்பட்டுச் சாகிறான்.

கதை நமக்குப் பிடிக்கிறது, மறுக்கவில்லை. பன்றிக் கறியும் பீரும் விருந்தாகி ஓர் அரச குலம் தொடங்குவது எத்தனை நாட்டில் நடக்கும்! நாட்டின் பெயரையே 'போலே', அதாவது வயல், என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். வயல்காரர்களின் நாடு, ஏரோட்டியின் குலம். எல்லாம் பொருந்திவருகிறது.

மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்கள் வேறு கதை சொல்கிறார்கள். க்னியெஸ்னோ, போஸ்னான், கேச் ஆகிய இடங்களின் பழைய கோட்டை மதில்களில் புதைந்த ஓக் மரங்களின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில், 940-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் புதிய கோட்டைகள் மளமளவென எழுந்தது தெரியவந்தது. அதே காலத்தில் சுற்றுவட்டாரத்துப் பழைய கோட்டைகள் பல எரிந்தன. விருந்தோம்பலால் ஓர் அரசு உருவானதற்கான தடயம் அதில் இல்லை. மதிலுக்கு அத்தனை மரத்தை வெட்டிச் சுமந்தவர்கள் யார் என்று கல்லுஸ் எழுதவும் இல்லை.

966-இல் மியேஷ்கோ ஞானஸ்நானம் பெற்றார். செக் நாட்டு இளவரசி டோப்ராவா முந்தைய ஆண்டே அவருக்கு மனைவியாகியிருந்தார். அதே காலத்தில் அப்பகுதி பற்றி எழுதிய இப்ராஹிம் இப்னு யாகூப் என்ற பயணி, மியேஷ்கோவிடம் கவசம் தரித்த 3000 வீரர்கள் இருந்ததாகவும், அவர்களின் உடை, குதிரை முதல் பிள்ளைகளின் செலவுவரை அரசனே கொடுத்ததாகவும் குறிக்கிறார். இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? அப்பகுதியில் புதையல்களாகக் கிடைக்கும் அரபு வெள்ளி நாணயங்களைக் காட்டி, மனிதர்களை விற்ற பணமும் அதில் உண்டு என்கிறார்கள் பல ஆய்வாளர்கள். க்னியெஸ்னோ தேவாலயத்தின் வெண்கலக் கதவில் புனித அடால்பெர்ட்டின் வாழ்க்கை சிற்பமாக இருக்கிறது. அதில் ஒரு காட்சி, விலங்கிடப்பட்ட அடிமைகளை விடுவிக்கும்படி அவர் செக் அரசனிடம் முறையிடுவது.

மியேஷ்கோவின் மகன் பொலெஸ்வாவ் 1025-இல் முடிசூடி முதல் மன்னரானார். அவருடைய ஆட்சியில் நோன்புக் காலத்தில் இறைச்சி தின்றவனின் பற்கள் பிடுங்கப்பட்டன என்று ஜெர்மன் ஆயர் தீத்மார் எழுதியிருக்கிறார். அதைக் கண்டித்து அல்ல, மெச்சியே எழுதுகிறார். புதிய மதம் குடிசைகளுக்குள் எப்படிப் போயிற்று என்பதற்கு இந்த ஒரு செய்தி போதும். மன்னர் இரண்டாம் மியேஷ்கோ 1034-இல் இறந்தபின் நாடு கலகத்தில் மூழ்கியது. அடிமைகள் எசமானர்களுக்கு எதிராகவும், விடுதலை பெற்றவர்கள் பிரபுக்களுக்கு எதிராகவும் எழுந்தார்கள், குருக்களைக் கொன்றார்கள் என்று கல்லுஸே சொல்கிறார். கலகக்காரர்களில் ஒருவர் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை. போப்பியெலைத் தின்ற எலிகளுக்குக் கிடைத்த இடம்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து வரும் செய்தியில் சற்று நின்று போவோம். போலந்தின் வரைபடத்தை விரித்தால் விசித்திரமான ஊர்ப்பெயர்கள் கண்ணில் படும். ஷெவ்ட்சே என்றால் செருப்புத் தைப்பவர்கள். பியெகாரி, ரொட்டி சுடுபவர்கள். ஷ்சிட்னிகி, கேடயம் செய்பவர்கள். சொக்கொல்னிகி, அரசனின் வேட்டைப் பருந்துகளை வளர்ப்பவர்கள். ப்சாரி, அவனுடைய நாய்களைப் பார்த்துக்கொள்பவர்கள். பியாஸ்ட் குல அரசு கோட்டைகளைச் சுற்றி ஊர் ஊராக ஆட்களை வைத்து, ஊருக்கு ஒரு வேலை என்று விதித்தது. வேலை தந்தையிடமிருந்து மகனுக்குப் போயிற்று. தொழிலே ஊரின் பெயராயிற்று. 13-ஆம் நூற்றாண்டில் இந்த ஏற்பாடு குலைந்துவிட்டது. பெயர்கள் இன்றும் இருக்கின்றன.

இதைச் சாதி என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. தொட்டால் தீட்டு என்ற விதி அங்கே இல்லை. அந்த வேலைப் பிரிவினை சில நூற்றாண்டுகளில் கரைந்தது, நம்முடையது கரையவில்லை. ஆனாலும் நாய் பார்ப்பவன் ஊர், செருப்புத் தைப்பவன் ஊர் என்று படிக்கும்போது, ஊரும் சேரியும் கண்டவர்களாகிய நமக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

போலிஷ் மொழியின் மிகப் பழைய சான்றுகள் இரண்டும் இந்த மனிதர்களைப் பற்றியவையே. முதலாவது, 1136 என்று தேதியிட்ட போப்பாண்டவரின் ஆணை. க்னியெஸ்னோ பேராயருக்கு உரிமையான ஊர்களை லத்தீனில் பட்டியலிடுகிறது. கூடவே, அங்கே குடியிருந்த நூற்றுக்கணக்கான உழவர்களின் பெயர்களைப் போலிஷ் மொழியில் எழுதிவைத்திருக்கிறது. மொழியியலாளர்களுக்கு அது புதையல். அந்தப் பெயர்கள் அங்கே வந்தது சொத்துக் கணக்கில். நிலம், ஏரி, காடு, அதோடு ஆட்கள்.

இரண்டாவது, சிலேசியாவில் உள்ள ஹென்ரிகூவ் மடத்தின் புத்தகம். 1270-ஐ ஒட்டி எழுதப்பட்ட அதில்தான் போலிஷ் மொழியின் முதல் முழு வாக்கியம் கிடைக்கிறது. போக்வால் என்ற செக் நாட்டுக்காரன் அங்கே குடியேறி உள்ளூர்ப் பெண்ணை மணந்தான். அவள் நாளெல்லாம் திரிகையில் மாவரைத்தாள். இரக்கப்பட்ட கணவன், நீ சற்று ஓய்வெடு, நான் அரைக்கிறேன் என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டுத் திரிகைக்கு முன் உட்கார்ந்தான். ஆண்பிள்ளை மாவரைப்பதைப் பார்த்த அக்கம்பக்கத்தார் அவனுக்குத் திரிகையை வைத்தே பட்டப்பெயர் சூட்டினார்கள். அது ஊரின் பெயரும் ஆயிற்று. ஊர் மடத்தின் சொத்தானது எப்படி என்று நிறுவவேண்டி மடாதிபதி இந்தக் கதையை எழுதினார். அந்தப் பெண்ணின் பெயரை அவர் எழுதவில்லை. தடித்த, எதற்கும் உதவாத பட்டிக்காட்டுக்காரி என்று மட்டும் குறித்தார். நாளெல்லாம் மாவரைத்தவளைத்தான் அப்படிச் சொல்கிறார். 2015-இல் யுனெஸ்கோ அந்தப் புத்தகத்தை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

1138-இல் மூன்றாம் பொலெஸ்வாவ் நாட்டைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்ததும் அரசு சிதறியது. பாடநூல்கள் இதை இருண்ட காலம்போலச் சொல்லும். உழவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. சிற்றரசர்களும் மடங்களும் காட்டைத் திருத்த ஆள் தேடினார்கள், வருபவர்களுக்குச் சலுகை கொடுத்தார்கள். 'ஜெர்மன் சட்டம்' என்ற பெயரில் குடும்பத்துக்கு ஒரு வான் அளவு நிலம், சில ஆண்டுகளுக்கு வரி விலக்கு, பிறகு நிர்ணயித்த வாரம் என்ற ஒப்பந்தம் பரவியது. மன்னன் பலமிழந்த காலத்தில் ஏரோட்டி கொஞ்சம் மூச்சுவிட்டான். வலிமையான அரசு என்றாலே மக்களுக்கு நல்லது என்ற பேச்சை நாம் அப்படியே விழுங்கவேண்டியதில்லை.

பியாஸ்ட் குலத்தின் கடைசி மன்னர் கசிமிர், ஆட்சிக் காலம் 1333 முதல் 1370 வரை. கிராக்கோவில் 1364-இல் பல்கலைக்கழகம் அமைத்தவர். பிரபுக்கள் அவரைக் 'குடியானவர்களின் ராஜா' என்று ஏளனமாக அழைத்தார்கள் என்பார்கள். அவருடைய சட்டத்தொகுப்பைப் பார்த்தால் இரண்டு பக்கமும் தெரியும். கிராக்கோவ் வட்டாரச் சட்டப்படி பிரபு ஒருவரைக் கொன்றால் 60 கிஷிவ்னா வெள்ளி, உழவனைக் கொன்றால் 10. அந்தப் பத்திலும் நான்கு அதிகாரிக்குப் போகும், ஆறுதான் குடும்பத்துக்கு. எசமானின் அனுமதியின்றி ஊரைவிட்டுப் போகக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஓரிருவர்தான். ஆனால் எசமான் ஊர்ப் பெண்ணைக் கெடுத்தால் ஊரே எழுந்து போகலாம். பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்கு ஊர் முழுவதும் வெளியேறும் உரிமையைச் சட்டமே ஒப்புக்கொண்டது என்பதைக் குறைத்து மதிப்பிட மாட்டோம். அப்படி ஒரு விதி தேவைப்பட்டதே என்பதையும் மறக்க மாட்டோம்.

கசிமிருக்குப் பட்டத்துக்கு உரிய மகன் இல்லை. ஹங்கேரி மன்னர் லாயோஷ் வாரிசானார். தம் மகளுக்கு முடி கிடைக்கவேண்டி 1374-இல் பிரபுக்களின் வரியை, ஒரு வானுக்கு இரண்டு குரோஷ் என்று குறைத்தார். பிரபுக்கள் மன்னரோடு பேரம் பேசி உரிமை பெறும் வழக்கம் இங்கே வேரூன்றியது. மகள் யாத்விகா 1384-இல் 'அரசர்' என்ற ஆண்பால் பட்டத்தோடே முடிசூடினார். அப்போது அவருக்குப் பத்து வயதுதான். 1386-இல் லித்துவேனியாவின் யாகியேவோவை மணந்தார். கணவரின் ஆட்கள் உழவர்களின் மாடுகளைப் பறிக்க, யாத்விகா திருப்பித் தரச்செய்தார் என்றும், மாடு திரும்பியது சரி, அவர்கள் கண்ணீரை யார் திருப்பித் தருவது என்று கேட்டாராம் என்றும் துவூகோஷ் என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். நல்ல ராணி, நல்ல கேள்வி. மாட்டுக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான் வரலாற்றில் இல்லை.

பேரத்தின் விலையைப் பிறகு கொடுத்தவர்கள் உழவர்கள். 1496-இன் சட்டம் உழவர்கள் ஊரைவிட்டுப் போவதை மேலும் இறுக்கியது. 1518-இல் எசமானர்மீது உழவன் கொடுக்கும் வழக்கை அரச நீதிமன்றம் எடுக்காது என்றாயிற்று. 1520-இல் ஒரு வான் நிலத்துக்கு வாரத்தில் ஒரு நாள் கூலியில்லா உழைப்பு கட்டாயமானது. அது பிறகு மூன்று நாள், நான்கு நாள் என்று ஏறியது. விஸ்துலா ஆற்றில் தானியம் மிதந்து க்தான்ஸ்க் துறைமுகம் போய், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் போயிற்று. ஐரோப்பா தின்ற ரொட்டிக்குப் பின்னால் இந்த நாட்கணக்கு இருந்தது.

கதையும் மாறவேண்டியிருந்தது. ஏரோட்டி பிரபுவுக்கு மூதாதையாக இருந்தால் ஏரோட்டியை அடிப்பது எப்படி? தாங்கள் சர்மாத்தியர் என்ற பழங்கால வீர இனத்தின் வழித்தோன்றல்கள் என்று பிரபுக்கள் சொல்லிக்கொண்டார்கள். உழவர்கள் நோவாவின் சாபம் பெற்ற மகன் ஹாமின் வாரிசுகளாம். 'ஹாம்' என்பது இன்றும் போலிஷ் மொழியில் வசவுச்சொல். 17-ஆம் நூற்றாண்டில் நெகாண்டா த்ரெப்கா என்ற பிரபு, பொய்யாகப் பிரபுப் பட்டம் சூடியவர்கள் என்று ஏறத்தாழ 2500 பெயர்களைக் கேட்டும் விசாரித்தும் திரட்டி ஒரு நூலாக்கினார். 'ஹாம்களின் புத்தகம்' என்று அதற்குப் பெயர். எங்கே எவன் ஏறிவிட்டான் என்று கண்காணிப்பதில் ஒரு மனிதன் வாழ்நாளைச் செலவிட்டிருக்கிறான்!

அதே நாட்டில், அதற்கு முந்தைய நூற்றாண்டில், க்ளெமென்ஸ் யானிட்ஸ்கி இருந்தார். ஏரோட்டியின் மகன். பள்ளிக்கு அனுப்பப்பட்டு, பதுவாவில் படித்து, லத்தீன் கவிஞராகப் போப்பாண்டவரின் கவிமகுடம் பெற்றவர். தந்தை ஏர் பிடித்தவர் என்பதைத் தன் கவிதையில் அவர் மறைக்கவில்லை. 1543-இல், முப்பதை எட்டும் முன்பே, இறந்துபோனார்.

மன்னரைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்த பிறகு, வெளிநாட்டாருக்கு எதிராக நிற்கும் உள்நாட்டு வேட்பாளரைப் 'பியாஸ்ட்' என்று அழைத்தார்கள். வாக்களித்தவர்கள் பிரபுக்கள், மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கும் தேறாதவர்கள். ஏரோட்டியின் பெயர் தேர்தலில் இருந்தது, ஏரோட்டி இல்லை.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைப் பங்கிட்டுக்கொண்டன. 1846-இல் ஆஸ்திரியப் பகுதியில் பிரபுக்கள் தேச விடுதலைக்காக எழுந்தபோது, உழவர்கள் அவர்களோடு சேரவில்லை. அவர்களைக் கொன்றார்கள், ஏறத்தாழ ஆயிரம் பேரை. 'போலந்துக்காரன்' என்றால் அவர்களுக்கு எசமான் என்று பொருள். கடைசியில் பண்ணையடிமைமுறையை ஆஸ்திரியப் பகுதியில் 1848-இலும் ரஷ்யப் பகுதியில் 1864-இலும் ஒழித்தவர்கள் அந்நியப் பேரரசர்கள்தாம். 1842-இல் பிறந்த யான் ஸ்வோம்கா என்ற உழவர் தன் நினைவுக்குறிப்பில், நூல்களும் செய்தித்தாள்களும் படிக்கத் தொடங்கிய பிறகே தான் ஒரு போலந்துக்காரன் என்று அறிந்ததாக எழுதுகிறார். ஆயிரம் ஆண்டு முடியாட்சி அவருக்குச் சொல்லாததைச் செய்தித்தாள் சொல்லியிருக்கிறது.

2020-இல் ஆதாம் லெஷ்சின்ஸ்கி 'போலந்தின் மக்கள் வரலாறு' என்ற நூலை வெளியிட்டார். அடுத்த ஆண்டு கட்ஸ்பெர் போப்வோட்ஸ்கி, அந்த ஹாம் என்ற வசவிலிருந்தே பெயரெடுத்து ஒரு நூல் எழுதினார். பிரபுக் குலத்தை அல்ல, பண்ணையடிமைகளைத் தம் முன்னோராக ஏற்பதா என்ற விவாதம் அங்கே இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது.

அதற்கு நூறாண்டு முன்பே பெயரைத் திருப்பி எடுத்தவர்கள் இருந்தார்கள். முதல் உலகப் போருக்குச் சற்று முன் ஆஸ்திரியப் பகுதி உழவர்கள் அமைத்த கட்சிக்குப் பெயர் 'பியாஸ்ட்'. அதன் தலைவர்களில் ஒருவர் வியெஷ்கோஸ்வாவிட்சே ஊரின் வின்சென்டி விட்டோஸ், ஏழை உழவர் வீட்டுப் பிள்ளை. 1920 ஜூலையில் செஞ்சேனை வார்சாவை நோக்கி வந்துகொண்டிருந்தபோது, படைக்கு உழவர்கள் வேண்டியிருந்ததால் அவரைப் பிரதமராக்கினார்கள். பிரதமர் நாற்காலியிலும் அவர் டை கட்டவில்லை. 1926 மே மாதம் மூன்றாம் முறையாகப் பிரதமரான சில நாட்களில் இராணுவம் அவர் அரசைக் கவிழ்த்தது. 1930-இல் கைதுசெய்து பிரெஸ்ட் கோட்டையில் அடைத்தார்கள்.