எங்க கடலுக்கு வந்த ஆராய்ச்சிக் காசு

கூட்டமைப்பு மலருக்கு நீயும் ஏதாவது எழுதிக் கொடு என்று ஊக்குநர் அக்கா கேட்டபோது, மீன் ஊறுகாய் செய்முறை எழுதித் தருகிறேன் என்றேன். "அதை எழுத நாலு பேர் இருக்காங்க. நீ பாசித் தொழில் நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சுன்னு எழுது. நீதான் அதுல பட்டவ" என்றார். நான் பத்தாவதோடு நின்றவள். பயிற்சிக்குப் போன இடங்களில் கொடுத்த கையேடுகளைப் பீரோவுக்கு மேலே அடுக்கி வைத்திருக்கிறேன். அதையும், எங்க அத்தையும் (என் மாமியார்தான்) அம்மாவும் சொன்னதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம் கூட்டமைப்பில் பாதிக் குழுக்கள் மேட்டு ஊர்க் குழுக்கள். அந்தச் சகோதரிகளுக்குப் பாசி என்றால் கிணற்றுப் பாசிதான் ஞாபகம் வரும். நோன்புக் காலத்தில் பாலில் காய்ச்சி ஆறவைத்துத் துண்டு போட்டுச் சாப்பிடுகிறோமே கடல்பாசி, அது எங்கள் கடலில் விளைகிற மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி மாதிரியானவற்றில் இருந்து எடுப்பது. கட்டக்கோரை என்று ஒன்று உண்டு, அது துணிக்குச் சாயம் அச்சடிக்கிற வேலைக்குப் போகும். பிற்பாடு வந்த வெளிநாட்டுப் பாசியின் சத்து ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேருகிறது.

எங்க அத்தைக்கு வருஷக் கணக்கு தெரியாது. ஏத்தம் வத்தம் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வத்துகிற நாட்களில், விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்பைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையோடு முங்கிப் பாசி எடுத்தவர். 1966 வாக்கில் இருந்தே இந்தக் கரையில் பாசி வியாபாரமாக எடுக்கப்படுகிறது. பாறையில் கிழிந்த தழும்பு இன்றைக்கும் அத்தை காலில் இருக்கிறது.

ஆனால் பாசியைப் பற்றிய படிப்பு அதற்கும் முன்னால் தொடங்கிவிட்டது. 1927இல் சென்னை அருங்காட்சியகம் குருசடைத் தீவில் உள்ள உயிர்களைப் பற்றி ஒரு வெளியீடு கொண்டுவந்தது. அதில் அங்குள்ள பாசிகளைப் பற்றி எழுதியவர் எம்.ஓ.பி. அய்யங்கார். பாசியைப் படிப்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்த பேராசிரியர். 1947 பிப்ரவரி 3ஆம் தேதி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டு, கொஞ்ச காலத்தில் மண்டபம் கேம்புக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கேம்ப், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலி ஜனங்களை நிறுத்தி வைத்து நோய் பார்த்து அனுப்பிய இடம். அதே இடத்தில் மீனையும் பாசியையும் ஆராய்ச்சி செய்ய அரசாங்கம் பணம் போட்டது. 1971இல் தலைமை அலுவலகம் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் கிளை அப்படியே இருக்கிறது. தூத்துக்குடிக் கிளையில் 1973இல் சிப்பிக்குள் முத்து வளர்த்தே காட்டிவிட்டார்கள். நாட்டுக்கே பெருமையான விஷயம். ஆனால் அந்த முத்து எங்களைப் போன்ற பெண்களுக்குத் தொழிலாகி வரவில்லை. ஆராய்ச்சியில் ஜெயிப்பது ஒன்று, அது அடுப்படி வரைக்கும் வந்து சேருவது வேறொன்று என்று எனக்குப் புரிந்தது இந்த மாதிரிக் கதைகளில்தான்.

1979இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, சென்னையைத் தலைமையிடமாக வைத்து வங்காள விரிகுடாத் திட்டம் என்று சிறு மீனவர்களுக்காக ஒன்றைத் தொடங்கியது. ஸ்வீடன் மாதிரி நாடுகள் பணம் கொடுத்தன. அந்தத் திட்டத்தில் வேதாளையிலும் சின்னப்பாலத்திலும் கஞ்சிப்பாசியை வளர்த்துப் பார்த்தார்கள். 1991இல் அதன் அறிக்கை வெளிவந்தது. என் அம்மா வேதாளைப் பக்கம். அப்போது கயிறு கட்டும் வேலைக்குச் சில நாள் போனாராம். "வளரத்தான் செஞ்சுச்சு. பாதிய மீனு தின்னுச்சு. மிச்சத்துக்கு வெல கெடைக்கல. அவுக போயிட்டாக, நாங்க பழையபடி முங்கப் போயிட்டோம்" என்பார். பத்து வரியில் எழுதவேண்டியதை அம்மா நாலு வரியில் முடித்துவிட்டார்.

இதே காலத்தில்தான் இன்னொரு வேலை சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. பாவ்நகரில் தலைமையகம் உள்ள மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்துக்கு மண்டபத்திலும் ஒரு கிளை உண்டு. அவர்கள் 1984 வாக்கில், பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்த கப்பாபைகஸ் என்ற பாசியை ஜப்பானில் இருந்து வாங்கி குஜராத் கரையில் வளர்த்தார்கள். பத்து வருஷத்துக்கு மேலே கழித்து அது எங்கள் கடலுக்கு வந்தது. கம்பெனி வந்து ஒப்பந்தம் போட்டது 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான். அதாவது பதினைந்து வருஷத்துக்கு மேல் யாருக்கும் வருமானம் இல்லாமல், ஒரு செடியை அழிய விடாமல் காப்பாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். தொட்டி, படகு, கரண்ட், சம்பளம் எல்லாம் அரசாங்கப் பணம். ஆராய்ச்சிக்குக் கொட்டுகிற காசு வீண் என்று பேசுகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். இந்தப் பொறுமை தனியார் யாருக்கும் வராது.

முதலில் ஒப்பந்தம் போட்டது பெப்சி கம்பெனி. அதனால் கப்பாபைகஸ் என்று வாயில் நுழையாத பேரை விட்டுவிட்டு எங்கள் ஊரில் பெப்சி பாசி என்றே சொல்வார்கள். மகளிர் திட்டம் 1997-98இல் தமிழ்நாடு முழுக்கப் பரவத் தொடங்கியிருந்தது. குழு இருந்தது, வங்கிக் கணக்கு இருந்தது, அதனால்தான் கடனும் மானியமும் பெண்கள் கைக்கு வந்தன. குழு இல்லாவிட்டால் இதுவும் ஆம்பளைகள் பேரிலேயே போயிருக்கும்.

வேலை என்னவென்று சொல்கிறேன். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. அதில் 20 கயிறு. ஒரு கயிற்றில் 20 இடத்தில் 150 கிராம் விதைப்பாசியை முடிச்சுப் போட்டுக் கட்டவேண்டும். ஆக ஒரு மிதவைக்கு 60 கிலோ விதை. மீன் தின்னாமல் இருக்க அடியில் பழைய வலை. 45 நாளில் அறுவடை. அறுத்ததில் 60 கிலோவைத் திரும்ப விதைக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் காயப் போடவேண்டும். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோதான். ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழு, ஆளுக்கு 45 மிதவை. ஏன் 45 என்றால், தினம் ஒரு மிதவை கட்டினால் 46ஆம் நாள் முதல் மிதவை அறுவடைக்கு நிற்கும். தினமும் வேலை, தினமும் வரவு. இந்தக் கணக்கைப் போட்டவர் யாரோ, வீட்டுச் செலவு தெரிந்தவராக இருக்கவேண்டும்.

எல்லா இடத்திலும் இதை வளர்க்க முடியாது. தென்கடல் பக்கம் மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. இந்தப் பாசியை வடகடலில் மட்டும் போடவேண்டும் என்று 2005இல் அரசு உத்தரவு வந்தது. எங்கள் ஊரில் பலருக்குக் கோபம். ஆனால் 2008இல் குருசடைத் தீவில் இந்தப் பாசி பவளப்பாறை மேல் படர்ந்து மூடியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள். அத்தையிடம் சொன்னபோது, "பாரு செத்துப்போச்சுன்னா மீனு எங்கிட்டுப் போயி குஞ்சு பொரிக்கும்? வடகடல்ல போட்டுக்கங்கடி" என்று ஒரே பேச்சாய் முடித்துவிட்டார். இதே அறிவோடுதான் பாசி எடுக்கும் பெண்கள், இரும்பால் சுரண்டக் கூடாது, இத்தனை நாள்தான் எடுக்கவேண்டும் என்று தங்களுக்குள்ளே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கொடுத்தார்கள்.

நான் 2010இல் ஒரு குழுவில் சேர்ந்தேன். இரண்டு வருஷம் நன்றாகவே போனது. வீட்டுக்கு ஓடு மாற்றினோம். மகளை மண்டபத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். 2012, 13 வாக்கில் எங்கள் கடலோர மாவட்டங்கள் சேர்ந்து சுமார் 1,500 டன் காய்ந்த பாசி அனுப்பின. அதில் எங்கள் கையும் உண்டு என்று பெருமையாக இருந்தது.

பிறகு அந்த வெயில் வந்தது. 2013, 14இல் கடல் தண்ணீரே சூடாகிக் கிடந்தது. காலையில் இறங்கினாலே வெந்நீரில் கால் வைத்த மாதிரி. முதலில் கொழுந்து வெளுத்தது. நாங்கள் வெயில் பட்டுவிட்டது என்று நினைத்தோம். நாலாம் நாள் கயிற்றைத் தூக்கினால் தண்டு சோற்றுக் கஞ்சி மாதிரி நழுவி விழுகிறது. கையில் வெறும் முடிச்சு. பக்கத்து மிதவை, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. நாங்கள் ஐந்து பேரும் இடுப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாரும் அழவில்லை. அழுதது வீட்டுக்கு வந்த பிறகுதான். நஷ்டம் என்றால் அந்தப் போகத்தோடு போகும். ஆனால் எங்களுக்கு விதையும் செத்துவிட்டது. கட்டுவதற்கு 60 கிலோ பாசி எங்கேயும் கிடைக்கவில்லை. எல்லார் கடலிலும் ஒரே செடியின் துண்டுகள்தானே, ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது. கடன் தவணை மட்டும் நிற்கவில்லை. என் கம்மல் அடகுக்குப் போய் முழுகியது. எங்கள் குழுவில் ஒரு அக்கா திருப்பூருக்கே போய்விட்டார்.

அதற்குப் பிறகு பயிற்சிகளுக்குக் குறைவில்லை. ஒரு இடத்தில் மீன் ஊறுகாயும் கட்லெட்டும் ஐந்து நாள் சொல்லிக் கொடுத்தார்கள். சான்றிதழ், குழுப்படம், மதியச் சாப்பாடு எல்லாம் உண்டு. பாக்கெட் ஒட்டுகிற மெஷின் மூன்றாம் மாதம் கெட்டுப்போனது. ரிப்பேர் பார்க்கத் திட்டத்தில் பணம் இல்லை என்றார்கள். மெஷின் இப்போது எங்கள் கட்டிடத்தில் துணி போர்த்திக் கிடக்கிறது. ஊறுகாய் மட்டும் இன்றும் போடுகிறோம், வாய் நன்றாகக் கட்டிய பாட்டிலில்.

ஆனால் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவள். மண்டபம் மீன்வள நிலையத்தில் 2010 மார்ச் மாதம், கடல் விரால் மீனை இந்தியாவிலேயே முதல்முறையாகத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தார்கள். கடலில் கூண்டு கட்டி அதில் விட்டு, சூடை மாதிரி மலிவான மீனை நறுக்கிப் போட்டால் ஆறேழு மாதத்தில் இரண்டரை, மூன்று கிலோ வரும். அத்தனை தீனி போட்டால் கழிவும் கடலில்தானே சேரும்? அதற்காக முனைக்காட்டில், ஒரு கூண்டைச் சுற்றி 16 பாசி மிதவையை நிறுத்திப் பார்த்தார்கள். மீன் கழிவு பாசிக்கு உரமானது. தனியாக நின்ற மிதவையில் சராசரி 144 கிலோ, கூண்டை ஒட்டி நின்றதில் 320 கிலோ. எரு போட்ட கொல்லைக்கும் போடாத கொல்லைக்கும் உள்ள வித்தியாசம்தான், மேட்டு ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கூண்டு வைக்க முதல் பெரிதாக வேண்டும், அதனால் அது இன்னும் எங்கள் குழுவுக்கு எட்டவில்லை.

2020இல் பிரதமரின் மீன்வளத் திட்டம் 20,050 கோடியில் அறிவிக்கப்பட்டது. பாசிக்கு மட்டும் 640 கோடி. பெண்களுக்கு 60 சதவீத மானியம். 2023 செப்டம்பரில் தொண்டி பக்கம் வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் போட்டார்கள். கோடியைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. நான் பயிற்சிக் கூட்டத்தில் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டேன்: "சார், மிதவைக்கு மானியம் இருக்கு. வெத செத்தா வெதைக்கு என்ன இருக்கு?" கூட்டம் சிரித்தது. அந்த அதிகாரி சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். திசு வளர்ப்பில் ஆய்வுக்கூடத்திலேயே புது விதை உண்டாக்குவதைப் பற்றி அப்போதுதான் விவரமாகக் கேட்டேன். 2024இல் அந்த மாதிரி விதை எங்கள் மாவட்டத்தில் கொடுக்கவும் தொடங்கினார்கள்.

திரும்பவும் கடன் வாங்குவதா என்று எங்கள் குழுவில் மூன்று கூட்டம் பேசினோம். இரண்டு பேர் வேண்டவே வேண்டாம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்தத் தண்ணீரில் நானும் நின்றவள். கடைசியில் மூன்று பேர் மட்டும், 45 இல்லை, ஆளுக்கு 10 மிதவை என்று ஆரம்பித்திருக்கிறோம். சித்திரை, வைகாசி வெயிலுக்கு முன்னால் விதையில் ஒரு பங்கை ஆழத் தண்ணீருக்கு நகர்த்தவேண்டும் என்பது அத்தையின் யோசனை. ஒரு தெர்மாமீட்டர் வாங்கியிருக்கிறோம். காலையும் மதியமும் தண்ணீரில் விட்டுப் பார்த்து என் மகள் பழைய கணக்கு நோட்டில் எழுதுகிறாள். 32ஐத் தாண்டினால் அந்த எண்ணுக்குக் கீழே சிவப்புப் பேனாவில் கோடு. நேற்று மதியம் 31. அத்தை மட்டும் தெர்மாமீட்டரை நம்புவதில்லை, காலை விட்டுப் பார்த்துத்தான் சொல்கிறார்.