கணக்குக் காட்டுதல்: உத்தரமேரூர்ச் சபை முதல் சமூகத் தணிக்கை வரை

முன்னுரை

ஆட்சி அதிகாரத்தைக் கீழ்நிலை அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிப்பது ஒன்று. அவ்வாறு பெற்ற அதிகாரத்திற்கும் செலவிட்ட பொருளுக்கும் கணக்குக் கேட்பது மற்றொன்று. இந்திய உள்ளாட்சி வரலாறு குறித்த எழுத்துகளில் முன்னது பெற்ற இடத்தைப் பின்னது பெறவில்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் என்றவுடன் குடவோலை முறையே நினைவுக்கு வருகிறது. பாடநூல்களும் மேடைப் பேச்சுகளும் அதனையே மீண்டும் மீண்டும் எடுத்துரைத்து வந்துள்ளன. ஆனால் அக்கல்வெட்டுகள் தெரிவுமுறையைப் பேசும் அளவிற்குக் கணக்கைப் பற்றியும் பேசுகின்றன. கணக்குக் காட்ட வேண்டியவர் யார், அதனை யாரிடம் காட்ட வேண்டும், காட்டாவிடில் என்ன நேரும் என்னும் மூன்று வினாக்களை அளவுகோலாகக் கொண்டு, சோழர் காலச் சபை முதல் அண்மைக் காலச் சமூகத் தணிக்கை வரையிலான போக்கினை இக்கட்டுரை ஆராய்கிறது.

உத்தரமேரூர்ச் சபையின் நெறிகள்

இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் (கி.பி. 919, 921) சேர்ந்த இரு கல்வெட்டுகள் காணப்படுகின்றன. சதுர்வேதி மங்கலமாகிய அவ்வூரின் சபை, அரச ஆணையின்படி அரசு அலுவலர் ஒருவர் உடனிருக்க இத்தீர்மானங்களை நிறைவேற்றியது. இரண்டாண்டு இடைவெளியில் முதல் தீர்மானம் திருத்தப்பட்டிருப்பது, நடைமுறையில் கண்ட குறைகளைக் களையும் நோக்கம் சபைக்கு இருந்தது என்பதை உணர்த்துகிறது.

இரண்டாம் கல்வெட்டின்படி ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. கால் வேலிக்கு மேற்பட்ட இறை நிலமும், சொந்த மனையில் எடுத்த வீடும், 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயதும், வேதப் பயிற்சியும் உடையவர் பெயர்களே ஓலையில் எழுதப்பட்டன. குடத்திலிருந்து சிறுவன் ஒருவன் எடுத்துத் தரும் ஓலையை, மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கிப் படிக்க வேண்டும். தெரிந்தெடுக்கப்பட்ட முப்பதின்மருள் 12 பேர் சம்வத்சர வாரியத்திலும், 12 பேர் தோட்ட வாரியத்திலும், 6 பேர் ஏரி வாரியத்திலும் பணியாற்றினர். இவையன்றிப் பஞ்சவார வாரியமும் பொன் வாரியமும் இருந்தன. வாரியப் பணியின் காலம் 360 நாள்.

இத்தகுதிகளை அடுத்துவரும் தகுதியின்மைகளே இக்கட்டுரையின் நோக்கிற்கு இன்றியமையாதவை. அவற்றுள் முன்னிற்பது, வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருத்தல் ஆகும். கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய சிற்றவை பேரவை மக்கள், அத்தை மாமன் மக்கள், தந்தை, மகன், மருமகன், மனைவியோடு உடன்பிறந்தான், சகோதரியை மணந்தான் முதலிய உறவினரும் குடவோலைக்குப் பெயர் எழுதப் பெறாதவராயினர். பிறர் பொருளைக் கவர்ந்தோர் முதலியோருக்கு விதித்த தடைகள் இதன் பின்னரே கூறப்படுகின்றன. உறவினர்மீதும் தடை விதித்தமை இன்றைய நீதியுணர்விற்கு ஒவ்வாதது. எனினும் அதன் காரணம் எளிதில் விளங்கும். ஒருவர் விலக்கப்பட்டபின் அவருடைய மைத்துனரோ மருமகனோ அவ்விடத்தில் அமர்ந்து பழைய கணக்கை மறைக்கும் வழியை அது அடைத்தது.

கணக்கனுக்கு விதித்த நெறி

வாரியப் பெருமக்களுக்கு மட்டுமன்றிக் கணக்கெழுதுவோனுக்கும் தனி நெறி வகுக்கப்பட்டது. பொருளில் தூய்மை உடையவனே கணக்கெழுத வேண்டும். எழுதிய கணக்கைச் சபைப் பெருமக்களிடம் காட்டிச் ‘சுத்தன்’ என ஏற்கப்பட்ட பின்னரன்றி அவன் வேறு கணக்கில் புகலாகாது. தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். வேறு கணக்கர் புகுந்து அதனை முடிக்கலாகாது.

இறுதியாகக் கூறப்பட்ட இவ்விதி ஊன்றி நோக்கத்தக்கது. முந்தைய அலுவலர் விட்டுச் சென்ற பதிவேட்டைப் பிந்தையவர் சரிசெய்து முடிப்பதும், பொறுப்பு எவரிடம் உள்ளது என்பது தெரியாமற் போவதும் எக்கால நிருவாகத்திற்கும் உரிய நோய்களாகும். எழுதிய கையே காட்டும் கையாகவும் இருக்க வேண்டும் என்பது அந்நோய்க்குச் சபை கண்ட மருந்து எனலாம்.

சபையின் எல்லை

இந்நெறிகளின் சிறப்பைக் கூறுமிடத்து அவற்றின் எல்லையையும் கூறுதல் ஆய்வு நேர்மையாகும். கணக்குக் காட்டப்பட்டது நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணர் சபையிடமே. ஏரி வாரியத்தின் செலவு ஏரிக்கரையில் மண் சுமந்தவருக்கோ, அந்நீரில் பயிர் செய்த உழுகுடிக்கோ படித்துக் காட்டப்பட்டதாகக் கல்வெட்டில் குறிப்பில்லை. பெண்டிர்க்கு அதில் இடமில்லை. எனவே, காட்ட வேண்டியவர் யார், காட்டாவிடில் என்ன நேரும் என்னும் வினாக்களுக்குத் தெளிவான விடை தந்த சபை, யாரிடம் காட்டுவது என்னும் வினாவிற்குத் தன்னையே விடையாகக் கொண்டது. 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சிற்றூர்க் குடியரசுப் புகழ்ச்சியை மறுத்துப் பேசியதன் பொருத்தம் இவ்விடத்தில் விளங்கும். உத்தரமேரூரைப் பொற்காலமாகக் காட்டுவோரும் அதனை முற்றாகப் புறந்தள்ளுவோரும் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை.

மேல்நோக்கிய தணிக்கை

ஆங்கிலேயர் ஆட்சியில் உள்ளாட்சிக்கு அடித்தளமிட்டது ரிப்பன் பிரபுவின் 1882 மே 18ஆம் நாளைய தீர்மானமாகும். அதனையொட்டிச் சென்னை மாகாணத்தில் 1884இல் தல வாரியச் சட்டம் இயற்றப்பட்டது. ‘போர்டு’ என்பதற்குத் தமிழில் வழங்கும் ‘வாரியம்’ என்னும் சொல் கல்வெட்டு வழக்கை நினைவூட்டினும், இரண்டின் கணக்கு முறைகளும் வேறானவை. தல வாரியங்களின் கணக்கைச் சரிபார்த்தது அரசின் தணிக்கை அமைப்பு. குறிப்புரையும் விளக்கமும் அலுவலகங்களுக்கிடையே சென்று திரும்பின. வரி செலுத்தியவர் அக்கணக்கைக் காண வேண்டும் என்னும் கருத்து அம்முறையின் மையமாக அமையவில்லை. அதிகாரம் கீழே இறங்கிற்று. கணக்கோ மேலே ஏறிற்று.

விடுதலைக்குப் பின்னும் இப்போக்கு நெடுங்காலம் நீடித்தது. பல்வந்த்ராய் மேத்தா குழுவின் 1957ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1959 அக்டோபர் 2ஆம் நாள் ராஜஸ்தானின் நாகௌரில் ஜவகர்லால் நேரு ஊராட்சி முறையைத் தொடங்கிவைத்தார். 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம், கிராம சபைக்கு அரசியலமைப்பு ஏற்பினை அளித்தது. 29 பொருள்களைப் பதினொன்றாம் அட்டவணையில் பட்டியலிட்டது. ஆயினும் கணக்கும் தணிக்கையும் பற்றிய 243ஞெ (ஜே) உறுப்பு, அவற்றிற்கு வகைசெய்யும் பொறுப்பை மாநிலச் சட்டமன்றங்களிடமே விட்டது. 2000ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த பதினொன்றாவது நிதிக்குழு, உள்ளாட்சிக் கணக்குகளின் மேற்பார்வையை இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரையும் மேல்நோக்கிய தணிக்கையை வலுப்படுத்தியதே.

கோட் கிரானாவில் நிகழ்ந்த மாற்றம்

கணக்கின் திசை மாறியது ராஜஸ்தானில்தான். அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரும் உள்ளூர்த் தொழிலாளரும் உழவரும் இணைந்து 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பைத் தொடங்கினர். அரசுப் பணிகளில் குறைந்தபட்சக் கூலி ஏன் கிடைக்கவில்லை என்னும் வினாவே அதன் தொடக்கம். வேலை முழுமையாகச் செய்யப்படவில்லை என்று பதிவேடு கூறியது. செய்தோம் என்று தொழிலாளர் கூறினர். இவ்வழக்கைத் தீர்க்கப் பதிவேட்டைப் பார்ப்பதன்றி வேறு வழியில்லை. பதிவேடோ அரசு மறைபொருள் எனப்பட்டது.

1994 டிசம்பர் 2ஆம் நாள் பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணை நடைபெற்றது. மஸ்டர் ரோல் எனப்படும் வருகைப் பதிவேடுகளும் செலவுச் சீட்டுகளும் ஊரார் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. வேலைக்கே செல்லாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும், முடிவுறாத கட்டடம் முடிந்ததாகக் காட்டப்பட்டிருந்ததும் கேட்டோர் வாய்மொழியாலேயே வெளிப்பட்டன. எழுத்தறியாதவரும் தணிக்கையாளராக இயன்றது இம்முறையின் தனிச்சிறப்பு. பதிவேட்டைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். அதில் எழுதியிருப்பது பொய் என்று அறிய வேலைத்தளத்தில் இருந்த பட்டறிவே போதும். 1996இல் பியாவரில் 40 நாள் நிகழ்ந்த அறப்போராட்டமும் ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்னும் பொருள்படும் முழக்கமும் இக்கோரிக்கையை நாடறியச் செய்தன.

தமிழ்நாடு 1997இலும் ராஜஸ்தான் 2000இலும் தகவல் உரிமைச் சட்டங்களை இயற்றின. 2005இல் நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், தன் 17ஆம் பிரிவில், ஊராட்சிப் பரப்பில் நிகழும் எல்லாப் பணிகளையும் கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என விதித்தது. மேகாலயா 2017இல் சமூகத் தணிக்கைக்கெனத் தனிச்சட்டத்தையே நடைமுறைப்படுத்தியது. யாரிடம் காட்டுவது என்னும் வினாவிற்கு இவ்வாறு புதிய விடை கிடைத்தது. உத்தரமேரூரில் சபைக்கு வெளியே நின்ற மண் சுமப்போர், இங்குக் கணக்குக் கேட்போராயினர்.

விளைவு என்னும் மூன்றாம் வினா

எனினும் மூன்றாம் வினா எஞ்சி நிற்கிறது. உத்தரமேரூரில் கணக்குக் காட்டாமையின் விளைவு விதியிலேயே அடங்கியிருந்தது. கணக்குக் காட்டாதவர் பெயர் ஓலையில் ஏறாது. அதற்கெனத் தனி வழக்கு வேண்டியதில்லை. சமூகத் தணிக்கையிலோ குறை கண்டறிதல் ஒருவர் கையிலும் நடவடிக்கை எடுத்தல் வேறொருவர் கையிலும் அமைந்தன. கிராம சபையில் மெய்ப்பிக்கப்பட்ட முறைகேடு விசாரணை, அறிக்கை, மேல்முறையீடு எனப் பல படிகளைக் கடக்க வேண்டியிருந்தது. வேலை உறுதித் திட்டத் தணிக்கைகளில் கண்டறியப்பட்ட தொகையில் சிறுபகுதியே மீட்கப்பட்டது. தணிக்கைக்குரிய பணத்தையும் ஆளையும், தணிக்கை செய்யப்பட வேண்டிய அரசே வழங்கும் நிலையும் பல மாநிலங்களில் காணப்பட்டது. 2025 டிசம்பரில் அச்சட்டத்திற்கு மாற்றாகப் புதிய சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ள நிலையில், இவ்வினா மேலும் கருதத்தக்கதாகிறது.

கணக்குக் கேட்கும் அவை இருப்பதற்கே தேர்தல் இன்றியமையாதது என்பதும் இங்கு எண்ணத்தக்கது. தமிழ்நாட்டில் 2016 முதல் 2019 இறுதி வரை தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகள் இன்றித் தனி அலுவலர்களே நிருவாகம் நடத்தினர். 360 நாளில் வாரியம் மாற வேண்டும் என்று விதித்த ஊர் இருக்கும் மாநிலத்திலேயே, பதவிக் காலம் முடிந்தும் மூன்றாண்டுகளுக்கு மேல் தேர்தல் நிகழாதிருந்தது.

முடிவுரை

உத்தரமேரூர்ச் சபை, கணக்குக் காட்டாமைக்குத் தவறாத விளைவை வகுத்தது; கேட்கும் உரிமையைச் சிலரிடமே வைத்தது. ஆங்கிலேயர் கால முறை அவ்வுரிமையை மேலதிகாரத்திற்கு உரியதாக்கியது. கோட் கிரானாவில் தொடங்கிய இயக்கம் அதனை ஊரார் அனைவருக்கும் உரியதாக்கியது. ஆயின் விளைவை உறுதிசெய்யும் ஆற்றல் அவர்களிடம் முழுமையாக வந்து சேரவில்லை. ஆகவே, குடவோலையை மட்டும் போற்றி உத்தரமேரூரை நினைவுகூர்தல் அரைகுறை வாசிப்பாகும். கணக்கை எழுதியவரே ஊரார் முன் காட்டுதல், காட்டாதவர் மீண்டும் பதவிக்கு வர இயலாதிருத்தல் ஆகிய அதன் இரு நெறிகளும், அச்சபை ஏற்காத அனைவர்க்குமான அவையும் ஒருங்கே அமையும்போதுதான் அதிகாரப் பரவலாக்கம் முழுமை பெறும் என்பது இவ்வாய்வால் பெறப்படும் முடிபாகும்.