கடை வாசலில் இரண்டு சட்டங்கள்

தெருமுனை மளிகைக் கடையில் பார்வையற்ற ஒருவர் சாமான் வாங்குவது பெரிய காரியம் இல்லை. “அரைக் கிலோ உளுந்து, நூறு சீரகம்” என்று சொன்னால் எடுத்து, நிறுத்து, கட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அவரே சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனால் கதை வேறு. மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் ஒரே அளவு பாக்கெட்டில், தொட்டுப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கின்றன. விலை அலமாரி விளிம்பில் ஒரு துண்டுச் சீட்டில் இருக்கிறது. காலாவதித் தேதியோ பாக்கெட்டின் மடிப்பில் புள்ளிப்புள்ளியாக அச்சாகி, கண் நன்றாகத் தெரிகிறவர்களையே வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வைக்கிறது.

வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும் முறை வந்தபோது, கடைக்காரர் பார்த்துவந்த வேலையில் பாதி வாடிக்கையாளர் தலையில் வந்து விழுந்தது. தேடுவது, எட்டி எடுப்பது, படிப்பது, சுமந்துகொண்டு வரிசையில் நிற்பது எல்லாம் இப்போது அவர் பாடு. அவருக்குக் கண் தெரியும், கை எட்டும், கால் தாங்கும், இரைச்சலும் வெளிச்சமும் ஒத்துக்கொள்ளும் என்று கடை தானாகவே முடிவு செய்துகொண்டது. இப்படி வேலையை மாற்றிவிட்ட கடைக்கு, அந்த வேலையைச் செய்ய இயலாதவரிடம் என்ன கடமை? பிரிட்டனும் இந்தியாவும் இதற்குச் சட்டத்தில் பதில் எழுதி வைத்திருக்கின்றன. பிரிட்டனின் பதில், கடை என்றால் என்னவென்று அறிந்து எழுதப்பட்டது. நம்முடைய சட்டம் கட்டடத்தைக் கவனித்த அளவுக்குக் கடையைக் கவனிக்கவில்லை என்பது என் முடிவு.

இரண்டு நாடுகளும் 1995இல்தான் மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் விரிவான சட்டத்தை இயற்றின. பிரிட்டனின் மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுத் தடைச் சட்டம் அப்போதே தனியார் கடைகளையும் சேர்த்துக்கொண்டு, படிப்படியாக அமலானது. 1996 டிசம்பரிலிருந்து ஊனத்தைக் காரணம் காட்டி வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பக் கூடாது. 1999 அக்டோபரிலிருந்து சேவை செய்யும் விதத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். 2004 அக்டோபரிலிருந்து படி, கதவு முதலிய கட்டடத் தடைகளையும் சரிசெய்ய வேண்டும். பின்னர் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் அதன் இடத்துக்கு வந்தது. இந்தியாவின் 1995 சட்டம் பெரும்பாலும் அரசை நோக்கியே பேசியது. கட்டட வசதிகளைப் பற்றிப் பேசும்போதும் அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு என்று ஒரு வாசலைத் திறந்துவைத்தது. தனியார் கடை நம் சட்டத்துக்குள் வந்தது 2017 ஏப்ரல் 19 அன்று, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தபோதுதான். பொதுமக்கள் வந்துபோகிற, வணிகம் நடக்கிற கட்டடம் அரசுடையதானாலும் தனியாருடையதானாலும் பொதுக் கட்டடமே என்று அது வரையறுத்தது. அங்கீகரிக்கப்பட்ட ஊனங்கள் 7லிருந்து 21 ஆயின.

பிரிட்டனின் சமத்துவச் சட்டத்தின் 20ஆவது பிரிவு மூன்று விஷயங்களைத் தனித்தனியே பார்க்கிறது: கடையின் விதிகளும் வழக்கங்களும், கட்டடத்தின் அமைப்பு, உதவிக்கு வேண்டிய கருவி அல்லது ஆள். இவற்றில் எது மாற்றுத்திறனாளியைக் கணிசமான சிரமத்துக்கு ஆளாக்கினாலும் கடை நியாயமான மாற்றம் செய்தாக வேண்டும். அதற்கான செலவை அவரிடம் வசூலிக்கக் கூடாது. கடைகளைப் பொறுத்தவரை இது முன்கூட்டிய கடமை. சக்கர நாற்காலியில் ஒருவர் வாசலுக்கு வந்து நின்ற பிறகு யோசிக்கத் தொடங்குவது தாமதம் என்று சட்டம் கருதுகிறது. பார்வையற்றவரும் காது கேளாதவரும் ஆட்டிசம் உள்ளவரும் வரத்தான் போகிறார்கள் என்று எண்ணிக் கடை முன்பே ஆயத்தமாக இருக்க வேண்டும். எது நியாயம் என்பது கடையின் அளவையும் வசதியையும் பொறுத்தது. லண்டனின் டூட்டிங்கிலும் ஈஸ்ட்ஹாமிலும் நம்மவர்கள் நடத்தும் மளிகைக் கடைகளுக்கும் இந்தச் சட்டம்தான். ஒற்றைப் படியுள்ள சின்னக் கடைக்கு மடக்கி வைக்கும் ஒரு ரேம்ப்பும், கூப்பிட ஒரு மணியும் போதுமானதாக இருக்கலாம். பெரிய நிறுவனம் அவ்வளவோடு தப்பித்துவிட முடியாது.

இந்தியச் சட்டம் வேறு வழியில் போகிறது. 44ஆவது பிரிவின்படி அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு அனுமதியோ பணிநிறைவுச் சான்றோ தரக் கூடாது. 45ஆவது பிரிவு ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் தந்தது. 46ஆவது பிரிவு தனியார் உள்ளிட்ட சேவை தருவோருக்கு இரண்டு ஆண்டு. 2017 ஜூன் 15இல் விதிகள் வந்தன. ஆகவே இரண்டு கெடுவும் முடிந்து வருடங்களாகின்றன. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம். படிக்கும்போது கடுமையாகத்தான் தெரிகிறது. ஆனால் 2024 நவம்பர் 8 அன்று, ராஜீவ் ரதூரி தொடர்ந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் இதன் அடித்தளத்தில் இருந்த ஓட்டையைக் காட்டியது. சட்டம் கட்டாயம் என்கிறது. அதன் கீழ் எழுதப்பட்ட 15ஆவது விதியோ வெறும் பரிந்துரைகளின் தொகுப்பாக இருக்கிறது. அந்த விதி தாய்ச் சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்த நீதிமன்றம், மீற முடியாத குறைந்தபட்சத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ரதூரி பார்வைக் குறைபாடு உள்ளவர். அவர் மனு போட்ட ஆண்டு 2005.

சரி, கட்டடத் தரங்கள் எல்லாம் கட்டாயமாகிவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம் என்ற கணக்கில் ரேம்ப் வந்துவிட்டது, கைப்பிடி வந்துவிட்டது, கதவும் அகலம். அக்குள் கட்டை ஊன்றி நடக்கும் ஒரு பெண் அந்த வழியாக உள்ளே வருகிறார். இரண்டு கைகளும் கட்டைகளைப் பிடித்திருப்பதால் அவர் எதைச் சுமந்தாலும் தோள்பையில்தான் சுமக்க முடியும். வாசலில் காவலாளி, “பையை இங்க வச்சிட்டு டோக்கன் வாங்கிக்கோங்க” என்கிறார். பையை வாங்கிக்கொண்டு, கையில் தூக்க வேண்டிய ஒரு கூடையை நீட்டுகிறார்கள். உள்ளே நடைபாதையின் பாதியைப் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் அடைத்திருக்கின்றன. காய்கறியை ஓரிடத்தில் எடைபோட்டுச் சீட்டு ஒட்டி, இன்னோரிடத்தில் பில் போட்டு, வெளியே போகும்போது மறுபடி நின்று பில்லில் முத்திரை வாங்க வேண்டும். இதில் ஒன்றுகூடக் கட்டட வரைபடத்தில் தெரியாது. கட்டடத்துக்குப் பணிநிறைவுச் சான்று கொடுத்த பொறியாளருக்கும் இதில் சம்பந்தம் இல்லை. பிரிட்டன் சட்டத்தின் கண்ணில் பையை வாசலில் வாங்கி வைப்பது கடையின் ஒரு வழக்கம். அந்தப் பெண்ணுக்காக அதைத் தளர்த்துவது கடைக்காரரின் கடமை. நம் சட்டத்திலும் நியாயமான வசதியை மறுப்பது பாகுபாடு என்று 2ஆவது பிரிவின் வரையறையில் இருக்கிறது. ஆனால் ஒரு கடை எதையெல்லாம் நியாயமான வசதியாகச் செய்ய வேண்டும் என்று அந்த வரையறையிலிருந்து கடைக்காரருக்கு எடுத்துச் சொல்லும் விதி எதுவும் இல்லை. கட்டடம் கட்டுவது ஒரு முறை செய்யும் வேலை. கடையோ தினமும் காலையில் புதிதாக அடுக்கப்படுகிறது. நேற்று சக்கர நாற்காலி போன வழியில் இன்று தீபாவளிச் சலுகைப் பொருள்களின் குவியல் நிற்கும்.

இரு நாட்டுத் தீர்ப்புகளிலும் ஒரு வேறுபாடு தெரிகிறது. ஷெஃபீல்டு நகரின் ஒரு வங்கிக் கிளையில் படிகள் இருந்ததால், சக்கர நாற்காலியில் செல்லும் ஓர் இளைஞர் உள்ளே போக முடியவில்லை. வேறு கிளை இருக்கிறது, இணைய வங்கி இருக்கிறது என்று வங்கி வாதிட்டது. 2009இல் நீதிமன்றம் 6,500 பவுண்டு இழப்பீடு தரச் சொன்னதோடு, ஏறத்தாழ 2 லட்சம் பவுண்டு செலவில் லிஃப்ட் அமைக்கவும் உத்தரவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அடுத்து அந்த வாசலுக்கு வரப்போகும் எவருக்கும் பயன்படும் தீர்ப்பு அது. இங்கே, பெருமூளை வாதம் உள்ள செயற்பாட்டாளர் ஜீஜா கோஷ் 2012இல் கொல்கத்தாவில் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். 2016இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. மனிதரின் கண்ணியத்தைப் பற்றி அந்தத் தீர்ப்பு பேசிய விதம் மனத்தைத் தொடுவது. எனினும் ஒரு விமானப் பயணத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போனதுபோல, ஒரு கிலோ அரிசிக்காக யார் போவார்கள்?

பிரிட்டனில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். அங்கே கடை கடையாகச் சென்று சோதிக்கும் அதிகாரி கிடையாது. பாதிக்கப்பட்டவரே ஆறு மாதத்துக்குள் உள்ளூர் சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் தலையில் விழலாம். அந்தப் பயத்தில் வாய்மூடிப் போகிறவர்கள் பலர். 2020 ஊரடங்கில் இந்தப் பலவீனம் அப்பட்டமாயிற்று. உடல்நல ஆபத்து அதிகம் உள்ளோரின் பட்டியலை அரசு தயாரித்தது. வீட்டுக்குப் பொருள் கொண்டுவரும் நேர ஒதுக்கீட்டில் சூப்பர் மார்க்கெட்டுகள் அவர்களுக்கு முன்னுரிமை தந்தன. பார்வையின்மை மட்டும் உள்ளவர் அந்தப் பட்டியலில் இல்லை. கடைக்கே போகலாம் என்றால், கைபிடித்துப் பொருள் காட்டும் ஊழியர் இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டியிருந்தது. பல ஆண்டுப் பழக்கமுள்ள கடமை சில வாரங்களில் கரைந்துபோனது. புகார் செய்யும் வழியில் மட்டும் நம் ஏற்பாடு மேல். இங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் வக்கீல் இல்லாமலே புகார் கொடுக்கலாம்; சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் அவருக்கு சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. கடைகள் விஷயத்தில் அந்தக் கதவைத் தட்டுகிறவர்கள் இன்னும் அதிகமாக வேண்டும்.

ஆனாலும் கடமை முன்கூட்டியே வருவதால் பிரிட்டனில் ஒரு பழக்கம் வேர்விட்டிருக்கிறது. 2018இல் மாரிசன்ஸ் சூப்பர் மார்க்கெட் நிறுவனம் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் விளக்குகளைத் தணித்து, பாட்டை நிறுத்தி, பில் இயந்திரத்தின் ஓசையைக் குறைத்தது, ஆட்டிசம் உள்ளவர்களுக்காக. இதைச் செய் என்று சட்டம் வரிவரியாகச் சொல்லவில்லை. யாருக்கு நம் கடை கஷ்டமாக இருக்கும் என்று யோசிக்கப் பழகியவர்களுக்கு இது தோன்றியது. வெளியே தெரியாத ஊனம் உள்ளவர்கள் அணியும் சூரியகாந்திப் பட்டை 2016இல் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கி, அங்கிருந்து சூப்பர் மார்க்கெட்டுகளுக்குப் பரவியது.

நம் ஊரில் உதவிக்குக் குறைவில்லை என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், ரேம்ப் இல்லாத வாசலில் நான்கு பேர் ஓடிவந்து நாற்காலியைத் தூக்குவார்கள். தூக்கப்படுகிறவருக்கு எப்படி இருக்கும் என்று அந்த நான்கு பேரும் கேட்டதில்லை. உள்ளே போன பிறகு, “இவருக்கு என்ன வேணும்?” என்று கூட வந்தவரிடம்தான் ஊழியர் கேட்பார். எந்தச் சோப்பு, எந்த விலையில் என்று முடிவெடுக்கும் உரிமை அந்தக் கேள்வியிலேயே கைமாறிவிடுகிறது. தனியாக வந்து, நிதானமாகத் தேர்ந்தெடுத்து, பிடிக்காவிட்டால் எதையும் வாங்காமல் திரும்பும் சுதந்திரம் மற்ற எல்லோருக்கும் இருக்கிறது. அன்பாக நடந்துகொள்ளும் கடைகளில்கூட மாற்றுத்திறனாளிக்கு அது கிடைப்பது அரிது.

மத்திய அரசின் விதிகளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி நம் உள்ளாட்சி அமைப்புகளிடம் இருக்கிறது. வணிக உரிமம் இல்லாமல் சூப்பர் மார்க்கெட் நடத்த முடியாது; அதைக் காலாகாலத்தில் புதுப்பித்தாக வேண்டும். புதுப்பிக்க வரும் கடையிடம் மாநகராட்சி சிலவற்றைக் கேட்கலாம். நடைபாதையில் பெட்டி அடுக்குவதில்லை என்ற உறுதி இருக்கிறதா? உட்கார்ந்தபடி பணம் செலுத்தும் உயரத்தில் ஒரு பில் மேசையாவது உண்டா? கேட்டால் கூடவே வந்து விலையும் தேதியும் படித்துச் சொல்ல ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஓர் ஊழியர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா? பையை வாசலில் வாங்கும் விதியிலிருந்து யாருக்கு விலக்கு, அது காவலாளிக்குச் சொல்லப்பட்டிருக்கிறதா? பதில்களைக் கடை வாசலில் தமிழில் எழுதி ஒட்டவும், எழுதியபடி நடக்காத கடையைப் பற்றி மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுத வேண்டிய முகவரியை அதன் கீழே அச்சிடவும் மாநகராட்சி சொல்லலாம்.